வைத்தியர் அயோத்திதாசர்: நோயின் வேரைத் தேடியவர்

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005 செப்டம்பர் 3 அன்று அது திறக்கப்பட்டபோது தாம்பரம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு எல்லை மாறிவிட்டது. ஆனாலும் மூட்டுவலி, தோல் நோய், பக்கவாதம் என்று வைத்தியம் தேடி நம் பக்கத்து மக்கள் இன்றும் அங்கே போய் வருகிறார்கள். அந்த மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பும் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று தெரியும்?

அவரைச் சிந்தனையாளர் என்று நாம் அறிவோம். தமிழ் நாட்டில் பௌத்தத்தை மீட்டெடுத்தவர், இதழாசிரியர், திராவிடர், தமிழர் என்ற அடையாளங்களை அரசியல் சொற்களாக முன்கூட்டியே எடுத்தாண்டவர் என்றும் அறிவோம். மேடைகளில் இவையெல்லாம் பேசப்படுகின்றன. ஆனால் அவர் வயிற்றுப் பிழைப்புக்குச் செய்த தொழில் வைத்தியம். சென்னை ராயப்பேட்டையில் அவரைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் அரசியல் பேச வந்தவர்கள் அல்ல, நோயோடு வந்தவர்கள். அந்த வைத்தியரைத்தான் இந்த வாரம் நாம் பார்க்கப் போகிறோம். அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ளவும் அதுவே நேர்வழி.

காத்தவராயன் என்ற பிள்ளை

1845 மே 20 அன்று சென்னையில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கில அதிகாரியிடம் சமையல் பொறுப்பில் வேலை பார்த்தவர். வேலைதான் அடுப்படியில், வீட்டிலோ ஓலைச்சுவடிகள் இருந்தன. அந்தச் சுவடிகளிலிருந்து திருக்குறளை எடுத்து அவர் ஹாரிங்டனிடம் கொடுத்தார். ஹாரிங்டன் வழியாக அது எல்லிஸ் துரையின் கைக்குப் போய், குறள் அச்சேற உதவியது. பிற்காலத்தில் அயோத்திதாசர் இதைப் பெருமையோடு பதிவு செய்தார். தங்கள் குடும்பங்களுக்குப் படிப்பு யாரோ புதிதாகக் கொடுத்த பிச்சை அல்ல, இடையில் பறிக்கப்பட்ட பழைய சொத்து என்று காட்டுவதற்கு அவருக்கு இந்தச் செய்தி பயன்பட்டது.

காத்தவராயன் திண்ணைப் படிப்போடு நிற்கவில்லை. தமிழ் இலக்கணம், இலக்கியம், சித்த மருத்துவம், தத்துவம் எல்லாவற்றையும் முறையாகக் கற்றார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பழக்கம் உண்டாக்கிக்கொண்டார். அவருக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயர் அயோத்திதாசக் கவிராயர். அந்த ஆசிரியர் மீது கொண்ட மரியாதையால் மாணவர் தம் பெயரையே அயோத்திதாசர் என்று மாற்றிக்கொண்டார். ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக வாழ்நாள் முழுவதும் சுமந்த மாணவர் அவர்.

சித்த வைத்தியம் படிப்பது அந்தக் காலத்தில் எளிதல்ல. கல்லூரியும் சான்றிதழும் கிடையாது. செய்யுளாக இருக்கும் நூல்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அந்தச் செய்யுள்களில் மூலிகைகளும் உலோகங்களும் மறைபெயர்களில் இருக்கும். பொருள் விடுவிக்க இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். பிறகு ஆசானுடன் இருந்து சூரணம், லேகியம், பற்பம், செந்தூரம் செய்யும் பக்குவம் கற்க வேண்டும். நோயாளியைப் பார்க்க எட்டு வகைத் தேர்வு உண்டு. நாடி, தொடு உணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகிய எட்டையும் பார்த்து, வளி, அழல், ஐயம் மூன்றில் எது கூடியது, எது குறைந்தது என்று கணிக்க வேண்டும். புலமையும் கைப்பழக்கமும் சேர்ந்தால்தான் ஒருவர் பண்டிதர் ஆக முடியும். அயோத்திதாசர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பண்டிதர் என்ற பட்டம் இப்படி உழைத்து வந்தது.

பஞ்சம் கற்பித்த பாடம்

இளமையில் அவர் நீலகிரியில் பல ஆண்டுகள் இருந்தார். 1870களில் அங்கே அத்வைதானந்த சபை என்ற அமைப்பை உண்டாக்கினார். மலையில் வாழ்ந்த பழங்குடி மக்களையும், சமவெளியிலிருந்து பிழைக்க வந்த ஒடுக்கப்பட்ட மக்களையும் சேர்த்துப் பேச வைத்தார். எல்லா உயிரும் ஒன்று என்றால் மனிதரில் மட்டும் மேல், கீழ் எப்படி வந்தது என்ற கேள்வியே அந்தச் சபையின் அடிப்படை.

அதே காலத்தில்தான் சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் வாட்டியது. நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவும் அதில் சிக்கியது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நிலம் இல்லாதவர், சேமிப்பு இல்லாதவர், கூலியை மட்டும் நம்பியவர் முதலில் விழுந்தார்கள். சேரிகள் காலியாயின. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் 1877இல் உத்தரவு போட்டார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்தார். கல் உடைத்து மண் சுமக்கும் உடம்புக்கு அந்த அளவு போதாது, இது மெல்லக் கொல்லும் வழி என்பது அவர் வாதம். கடைசியில் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று.

இந்தச் செய்தியை நாம் இங்கே சொல்லக் காரணம் உண்டு. பஞ்சத்தில் சாகிறவருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காலரா என்று எந்தப் பெயரில் சாவு வந்தாலும், அடியில் இருப்பது பசி. பசியை நோயாகப் பார்க்கும் பார்வை தமிழுக்குப் புதிதல்ல. பசிப்பிணி என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. பஞ்சம் நடந்தபோது அயோத்திதாசருக்கு முப்பது வயது கடந்திருந்தது. மருந்துப் பெட்டியால் தீராத நோய்கள் இருக்கின்றன என்பதை அவர் தலைமுறை கண்ணால் பார்த்தது. பின்னாளில் அவர் நிலம், தண்ணீர், பள்ளிக்கூடம் என்று ஓயாமல் கேட்டதற்கும் இந்த அனுபவத்துக்கும் தொடர்பு இருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

தொட்டால் தீட்டு, தொடாமல் நாடி ஏது?

ராயப்பேட்டையில் அவருடைய வைத்தியத்துக்கு நல்ல பெயர் இருந்தது. அதற்கு ஒரு சாட்சி, பின்னாளில் தமிழ்த்தென்றல் என்று புகழ்பெற்ற திரு.வி. கலியாணசுந்தரனார். திரு.வி.க. பிறந்தது நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் துள்ளம் கிராமத்தில், 1883இல். குடும்பம் ராயப்பேட்டைக்குக் குடிவந்தது. வெஸ்லி பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவனுக்குக் கை, கால்கள் முடங்கிப் படிப்பு நின்றது. பல வைத்தியங்களுக்குப் பிறகு அவரைக் குணப்படுத்தி நடக்க வைத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்பில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார்.

மாணவர்கள் இந்தச் சம்பவத்தை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். தெருவில் எதிரே வந்தால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நாடி பார்க்க வேண்டுமானால் மணிக்கட்டைத் தொட்டாக வேண்டும். நாவைப் பார்க்க வேண்டும், கண்ணிமையை விலக்கிப் பார்க்க வேண்டும், கொடுக்கும் கஷாயத்தை நோயாளி குடித்தாக வேண்டும். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் கையால் மருந்து வாங்கி, ஒரு முதலியார் வீட்டுப் பிள்ளை எழுந்து நடந்தது. உயிருக்கு ஆபத்து என்று வந்தால் தீட்டு எங்கே ஒளிந்துகொள்கிறது? தீட்டு உடம்பில் இல்லை, ஒருவருடைய வசதியில்தான் இருக்கிறது என்பதை அந்த வைத்தியசாலை சத்தமில்லாமல் நிரூபித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சிறுவன் வளர்ந்து தமிழ்நாட்டின் தொழிற்சங்க முன்னோடிகளில் ஒருவரானார். 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்றார். முடங்கிக் கிடந்த அந்தக் கால்களை ராயப்பேட்டை வைத்தியர் மீட்டுக் கொடுத்திராவிட்டால் தமிழுக்கும் தொழிலாளருக்கும் எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

செங்கல்பட்டு ஜில்லாவின் சேரிகள்

காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவின் ஒரு தாலுகா. அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பினார். சேரி மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை ஓர் அதிகாரி விரிவாக எழுதிய அறிக்கை அது. குடியிருக்கும் குடிசை மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் மிராசுதாரர் மனையைவிட்டே விரட்ட முடியும். வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறையாகப் பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தார்கள். தரிசு நிலத்தைக் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. இவற்றையெல்லாம் அந்த அறிக்கை சொன்னது. செங்கல்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரிமார்களும் இதே கோரிக்கையை எழுப்பினார்கள். இவற்றைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையின் வழியாகத்தான், நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்லும் நிலங்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டன.

வெள்ளைக்காரக் கலெக்டர் எழுதினார், நிலம் வந்தது என்று கதையை இத்துடன் முடித்துவிடக் கூடாது. அதே ஆண்டுகளில் நம்மவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1891இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையை நிறுவினார். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை இந்துக்கள் என்று எழுதாமல், சாதியற்ற திராவிடர் என்று பதியும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். சீனிவாசனின் தங்கை தனலட்சுமியைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார். மைத்துனர்கள் இருவருக்கும் பெயர் விஷயத்தில் கடும் கருத்து வேறுபாடு உண்டு. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். அந்தப் பெயரே எதிரி சூட்டியது, அதைத் தூக்கி எறிய வேண்டும் என்றார் மற்றவர். வழி இரண்டானாலும் கேட்ட உரிமை ஒன்றே.

1892இல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்கு அயோத்திதாசர் நீலகிரியின் பிரதிநிதியாகப் போனார். கற்றவர்களும் பெரிய மனிதர்களும் கூடியிருந்த அவையில் எழுந்து, எல்லாருக்கும் பொதுவான கடவுள் என்றால் எங்கள் மக்கள் ஏன் கோயிலுக்குள் வரக் கூடாது என்று கேட்டார். அவையில் எதிர்ப்புக் கிளம்பியது. உங்களுக்கென்று வேறு தெய்வங்கள் இருக்கின்றன என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடமும், உழுவதற்குத் தரிசு நிலமும் கிடைக்கத் தீர்மானம் போடுங்கள் என்று அவர் கேட்டு நின்றார். அந்தக் கோரிக்கையை அவை ஏற்க வேண்டியதாயிற்று.

இதை வைத்தியர் கண்ணோடு பாருங்கள். நோயாளி கேட்பது ஒன்று. அவன் உடம்புக்கு வேண்டியது வேறொன்று. கோயில் கதவு திறப்பது மானத்தின் கேள்வி. நிலமும் பள்ளியும் உயிரின் கேள்வி. இரண்டையும் கேட்டார், ஒன்று மறுக்கப்பட்டபோது மற்றதை விடாமல் பற்றிக்கொண்டார்.

காஞ்சியோடு ஒரு பழைய உறவு

1898இல் கர்னல் ஆல்காட்டுடன் அயோத்திதாசர் இலங்கைக்குப் போனார். ஆல்காட் ஏற்கெனவே 1894இல் அடையாறில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார். கொழும்பில் சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்று, பௌத்தராகத் திரும்பிய பண்டிதர், ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவியது 1956இல். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன் தமிழ் மண்ணில் நடந்த செயல் இது. சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் என்று பரவின. தொழிலாளர்களாகக் கடல் கடந்து போனவர்கள் ரங்கூனிலும் கிளை அமைத்தார்கள்.

பௌத்தம் அவருக்கு வெளியூரிலிருந்து வந்த மதமாகத் தெரியவில்லை. தமிழர் இழந்த பழைய வீடு என்றே அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அவர் எடுத்து வைத்த நூல்களில் முக்கியமானது மணிமேகலை. அந்தக் காப்பியத்தின் நாயகி அமுதசுரபியோடு வந்து, பஞ்சத்தில் வாடிய மக்களுக்குச் சோறு போட்ட ஊர் எது? நம் காஞ்சிதான். குருடர், செவிடர், முடவர், நோயாளிகள் என்று யாரையும் பிரிக்காமல் பசி தீர்த்த கதை நம் ஊரில் நடந்ததாகவே அந்த நூல் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதி வைத்தார். கோயில் நகரம், பட்டு நகரம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் காஞ்சிக்கு இப்படி ஒரு முகமும் இருந்தது. இன்று அந்த மடங்கள் இல்லை. அங்கங்கே கிடைத்த புத்தர் சிலைகள்தான் மிச்சம்.

மருத்துவத்தையும் அயோத்திதாசர் இந்த மரபோடு சேர்த்தே பார்த்தார். பௌத்தத் துறவிகள் ஊர்தோறும் நோய்க்கு மருந்தும் மனதுக்கு அறமும் தந்தார்கள், அவர்கள் வழியாக வளர்ந்த அறிவே சித்த வைத்தியம் என்பது அவர் கருத்து. பஞ்சசீலத்தில் மது அருந்தாமை ஒன்று. அதை அவர் தம் மக்களிடம் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். கள்ளுக்கடையில் போகும் கூலி பிள்ளையின் வயிற்றிலிருந்து போகிறது என்று தெரிந்த வைத்தியர் அவர்.

ஒரு பைசாவுக்கு ஒரு மருந்து

1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழை ராயப்பேட்டையிலிருந்து தொடங்கினார். விலையே பெயரில் இருந்தது. கூலிக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்பது நோக்கம். ஓராண்டுக்குப் பின் அது ‘தமிழன்’ ஆயிற்று. அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. இறக்கும்வரை ஏழு ஆண்டுகள் வாரந்தோறும் எழுதினார். அரசியல், வரலாறு, இலக்கியம், வேளாண்மை, கல்வி, மருத்துவம் என்று அவர் தொடாத துறை இல்லை.

அந்த எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாதம் பொது சுகாதாரம் படிக்கும் எவரும் கவனிக்க வேண்டியது. சேரி மக்கள் அசுத்தமானவர்கள், அதனால் ஒதுக்குகிறோம் என்று மேல்சாதியார் சொன்னார்கள். பண்டிதர் அந்த வாதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நல்ல தண்ணீர் எடுக்க விடாமல் தடுப்பது யார்? துணி வெளுப்பவரும் முடி திருத்துபவரும் சேரிக்குள் போகக் கூடாது என்று மிரட்டுவது யார்? வயிறார உண்ணும் அளவுக்குக் கூலி கொடுக்காதது யார்? சுத்தமாக இருக்க வேண்டிய எல்லா வழியையும் அடைத்துவிட்டு, பிறகு அசுத்தம் என்று பழி சொல்வது எந்த நியாயம்? அழுக்கால் தீண்டாமை வரவில்லை, தீண்டாமைதான் அழுக்கையும் நோயையும் உண்டாக்கியது என்பதே அவர் முடிவு.

சமூக நிலைமைகளே நோயை முடிவு செய்கின்றன என்று இன்று மருத்துவக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். குடிநீர், வீடு, வருமானம், படிப்பு இவற்றைப் பொறுத்தே ஒருவர் எத்தனை ஆண்டுகள் வாழ்வார் என்பது அமைகிறது என்கிறார்கள். ஆங்கில மருத்துவப் பட்டம் பெறாத ராயப்பேட்டைப் பண்டிதர், நூறாண்டுக்கு முன் ஒரு பைசா இதழில் இதையே சேரியிலிருந்து எழுதினார்.

தண்ணீர் என்ற கேள்வி

1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் யார் யார் எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். ஒரு குழாயைச் சுற்றியே சாவுகள் குவிந்திருப்பதைக் கண்டு, அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல், ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டார். கெட்ட தண்ணீர் நோய் தரும் என்பதை அறிவியல் இப்படி உறுதி செய்தது. நம் நாட்டிலோ அதற்கு மேல் ஒரு கேள்வி இருந்தது. நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்போதும் ஒரு சாரார் கெட்ட தண்ணீரைக் குடிக்க வேண்டியிருந்தது ஏன்? அதற்குக் கிருமியியலில் பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் அயோத்திதாசர் எழுதினார். அவர் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாட் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தியதும் அதே கேள்விக்காகத்தான்.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புப் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்குத் தண்ணீர் மீது சந்தேகம் வந்தது. மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மருந்து கொடுத்ததோடு நில்லாமல், இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டதால்தான் அந்தக் கொடுமை வெளியே வந்தது.

ஏற்பதும் ஏற்காததும்

பெரியவர் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. அயோத்திதாசர் செய்த சொல்லாராய்ச்சிகள் எல்லாம் இன்றைய வரலாற்று ஆய்வுக்கு நிற்பவை அல்ல. வெள்ளை ஆட்சி மீது அவர் வைத்த நம்பிக்கையும் அளவு கடந்தது. அதைவிட நம்மை உறுத்துவது, துப்புரவுப் பணியிலும் தோல் தொழிலிலும் தள்ளப்பட்ட சில சமூகங்களைத் தம் மக்களிலிருந்து பிரித்துத் தாழ்வாக அவர் எழுதிய பகுதிகள். சாதியை வேரோடு எதிர்த்தவரின் எழுத்திலும் சாதியின் நிழல் விழுந்திருக்கிறது. அதை மறைக்காமல் சொல்வதுதான் அவர் கற்றுத் தந்த நேர்மை.

ஊரின் சுகாதாரத்தையே தோளில் சுமக்கும் துப்புரவுத் தொழிலாளர்கள்தான் இன்று மிக மோசமான நோய்களுக்கும் சாவுக்கும் ஆளாகிறார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இலும் 2013இலும் வந்த பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் மூச்சுத் திணறிச் சாகிறார்கள். பண்டிதரின் கேள்வியை அவர் கேட்காமல் விட்ட இடத்துக்கும் கொண்டுபோக வேண்டியது நம் பொறுப்பு.

மறைவும் மீட்சியும்

1914 மே 5 அன்று, 69 வயது நிறைவதற்கு இரண்டு வாரங்கள் இருக்கையில் அயோத்திதாசர் காலமானார். அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் ‘தமிழன்’ இதழை நடத்தினார். 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் நடத்தினார். பூமிக்கு அடியில் தங்கம் வெட்டிய நம் தொழிலாளிகள்தான் அந்த இதழையும் பாதுகாத்தார்கள். அதற்குப் பின் நீண்ட காலம் அவர் பெயர் பாடப் புத்தகத்தில் இல்லை, மேடையில் இல்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்ற தொகுதிகளை வெளியிட்ட பிறகே பலரும் அவரைப் படிக்கத் தொடங்கினார்கள். 2005இல் மருத்துவமனைக்கு அவர் பெயர் வந்தது; அதே ஆண்டு அஞ்சல் தலையும் வந்தது. 2023 டிசம்பரில் சென்னை கிண்டியில் தமிழ்நாடு அரசு அமைத்த மணிமண்டபம் திறக்கப்பட்டது.

சிலையும் மண்டபமும் வேண்டியவைதான். ஆனால் அவர் கேட்ட நிலம் என்ன ஆயிற்று? பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று ஊருக்கு ஊர் தெரியும். 1994 அக்டோபரில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர்விட்டார்கள். டிரெமன்ஹீர் அறிக்கை எழுதிய அதே ஜில்லாவில், நூற்றுமூன்று ஆண்டுகள் கழித்து.

நம் மாணவர்களுக்குச் சில வேலைகளைச் சொல்லலாம். உங்கள் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டி கடைசியாக எந்த தேதியில் கழுவப்பட்டது என்று பாருங்கள். ஊராட்சியில் அதற்குப் பதிவு இருக்க வேண்டும். ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் தண்ணீர் விடும் நேரம் ஒன்றா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். காலனிச் சாக்கடை எங்கே போய் நிற்கிறது, அங்கே எத்தனை வீட்டில் காய்ச்சல் என்று எண்ணுங்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் என்று பதிவான சர்வே எண்கள் எவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். எழுதிய கணக்கை கிராம சபையில் வையுங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை மறுக்கலாம், தேதியும் எண்ணும் உள்ள தாளை மறுப்பது கடினம்.

மருத்துவம், செவிலியம், சித்தா படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. நாளை உங்கள் முன் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கோடு வந்து நிற்கும். மருந்தை உடனே கொடுங்கள். அது முதல் கடமை. அதோடு, உங்கள் வீட்டில் தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று அந்தத் தாயிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.